அமிலம் பட்டால் முதல் மருந்து தண்ணீர்
(வானொலி உரை)

சொந்தப் பருத்தி விதை வைத்திருப்பவர்கள் பஞ்சு நீக்குவதற்கு, ஒரு கிலோ விதைக்கு 100 மில்லி அடர் கந்தக அமிலம் ஊற்றிக் கிளறுகிறீர்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் விதை காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்துவிடும். உடனே நாலைந்து தடவை அலசுகிறீர்கள். ஏன் இந்த அவசரம்? விட்டால் பஞ்சோடு நிற்காது, விதையையும் தின்றுவிடும். நம் தோலுக்கும் அதே கதைதான்.

கை காலில் தெறித்ததா? அந்த நொடியே தண்ணீர். ஒரு சொம்பு போதாது. கொஞ்சம் தண்ணீர் பட்டால் இந்த அமிலம் சூடேறும். நிறையத் தண்ணீர்தான் சூட்டையும் அமிலத்தையும் அடித்துக்கொண்டு போகும். தொட்டியிலிருந்து மொண்டு மொண்டு, குறைந்தது 20 நிமிடம் ஊற்றுங்கள். ஊற்றும்போதே நனைந்த துணி, மோதிரம், கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கண்ணில் பட்டால் இமையைப் பிரித்துப் பிடித்து, அதேபோல 20 நிமிடம் கழுவிக்கொண்டே 108-க்குச் சொல்லுங்கள்.

"அமிலத்துக்குச் சுண்ணாம்பு மாற்று" என்று படித்த பிள்ளைகளே சொல்வதுண்டு. சோதனைக் குழாய்க்குள் அது சரி. தோல்மேல் இரண்டும் சேர்ந்தால் சூடு பிறந்து புண் ஆழமாகும். மஞ்சள், மை, பற்பசை எதுவும் வேண்டாம்.

கழுவியபின் சுத்தமான துணியால் தளர மூடி மருத்துவமனைக்குப் போங்கள். முகம், கை, மூட்டு என்றால் சின்னப் புண்ணானாலும் போகத்தான் வேண்டும். தோல் வெளுத்தோ கறுத்தோ இருந்து, "வலிக்கலையே" என்று தோன்றினால் அதுதான் ஆபத்து. நரம்பு கெட்டால் வலி தெரியாது. டெட்டனஸ் ஊசி பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொப்புளத்தை உடைக்காதீர்கள். மேலோட்டமான புண் இரண்டு மூன்று வாரத்தில் ஆறும். கையில் பட்டிருந்தால், டாக்டர் சொன்னபடி விரல்களை மடக்கி நீட்டிப் பழகுங்கள். சும்மா வைத்திருந்தால் தோல் சுருங்கி, நாளைக்கு அரிவாள் பிடிக்க முடியாது. ஆறின தோலில் தேங்காயெண்ணெய் தடவலாம். வெயில் படாமல் மூடிக்கொள்ளுங்கள். முழுக்க ஆறும்வரை அந்தக் கை உரத்தையோ மருந்தையோ தொடக்கூடாது.

ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, பிளாஸ்டிக் வாளி, மரக்குச்சி எல்லாம் தயாரா? அப்புறமும் மூடியைத் திறந்துவிடாதீங்க. தொட்டி நிறைய தண்ணீர் இருக்கா என்று ஒரு தரம் பார்த்துவிட்டுத் திறங்க.