கணக்கும் கடைமடையும்



கல்லணையில் நின்று பார்த்தவர் அறிவர். காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என நீர் அங்கே பிரிகின்றது. பின்னர் வாய்க்கால்களாய்க் கிளைத்து வயல்தோறும் பாய்கின்றது. மேட்டூரில் எவ்வளவு நீர் இருப்பினும், கடைமடைக்கு உரிய காலத்தில் வந்து சேராவிடில் பயிருக்குப் பயனில்லை. மீத்திறன் கணினி என்னும் பேரெந்திரத்தை அமைப்போரின் கவலையும் இத்தகையதே என்றால் வியப்படைவீர்கள்.

1976இல் அமெரிக்கப் பொறியியலறிஞர் சேமூர் கிரே வெளியிட்ட 'கிரே-1', வினாடிக்கு 16 கோடிக் கணக்குகள் வரை போடவல்லதாயிருந்தது. அதில் இருந்தது ஒரே செயலி. மின்குறி நெடுந்தூரம் ஓடினால் காலம் வீணாகுமென்று, கம்பிகள் குறுகும்படி எந்திரத்தையே வளைத்து அமைத்தார் அவர். ஆயினும் ஒரு செயலியை எவ்வளவுதான் விரட்டலாம்? நூறு ஏக்கர் நடவை ஒருத்தியே முடித்தல் இயலுமோ?

ஆகவே, வேலையைப் பலருக்குப் பங்கிடும் முறை வந்தது. அயல்நாட்டு எந்திரங்களைப் பெறுவதில் தடைகளைக் கண்ட நம் நாடும் இம்முறையையே மேற்கொண்டது. 1988இல் அமைந்த சி-டாக் நிறுவனம், விஜய் பட்கர் தலைமையில், சிறு செயலிகள் பலவற்றைப் பிணைத்து 1991இல் 'பரம் 8000' எந்திரத்தைப் புனேயில் உருவாக்கிற்று. அவ்வழியில் வந்த 'பரம் பொருள்', 2022இல், தஞ்சைச் சாலையை ஒட்டிய திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் நிறுவப்பெற்றது. அதன் உச்ச ஆற்றல் வினாடிக்கு 838 லட்சம் கோடிக் கணக்குகள். இறைவனைக் குறிக்கும் சொல் எந்திரத்துக்கு வாய்த்தது வேடிக்கைதான்!

இவ்வளவு வேகம் எதற்கு என்று உழவர் கேட்கலாம். 2023 பிப்ரவரித் தொடக்கத்தில், பருவந்தவறிப் பெய்த மழை, அறுவடைக்கு நின்ற சம்பா நெல்லை டெல்டாவெங்கும் சாய்த்துவிட்டது. இத்தகைய மழையை முன்னறிய, வானத்தைச் சிறு கட்டங்களாக வகுத்துக் கணக்கிடுகின்றனர். 2025இல் இந்திய முன்னறிவிப்பில் கட்டத்தின் அளவு 12 கிலோமீட்டரிலிருந்து 6 ஆகக் குறைந்தது. பாதியாக்கியதால் கட்டங்கள் நான்கு மடங்காகும். காலப்படியையும் பாதியாக்க வேண்டுமாதலின் வேலை ஏறத்தாழ எட்டு மடங்கு!

இங்கேதான் கடைமடைச் சிக்கல். ஒவ்வொரு செயலியும் தன் கட்டங்களின் காற்றையும் ஈரத்தையும் அண்டைச் செயலிக்கு அறிவித்தாக வேண்டும். செய்தி வரும்வரை மற்றது கைகட்டி நிற்கும். கணக்கிடுவதைவிட எண்களை இடம்பெயர்ப்பதற்கே மின்சாரம் மிகுதியாகச் செலவாகின்றது. 2024இல் உலகில் முதலிடம் பெற்ற அமெரிக்காவின் 'எல் கேப்பிடன்' உண்ணும் மின்சாரம் ஏறத்தாழ 30 மெகாவாட். மேட்டூர் அணையடி மின்நிலையத்தின் முழு ஆற்றலில் பாதிக்கும் மேல்!

எனவே, வருங்கால எந்திரங்களின் சிறப்பு வேகமான செயலியில் மட்டும் இராது என்பது என் கருத்து. எல் கேப்பிடனிலேயே இருவகைச் செயலிகளையும் நினைவகத்தையும் ஒரே தொகுப்பில் நெருக்கி வைத்துள்ளனர். கிரே கம்பிகளைக் குறுக்கியதும் இதே காரணத்துக்காகத்தான்.