அச்சமும் வதந்தியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

உளவியல் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். உளவியல் என்றவுடன், மனநோய்க்கு மருத்துவம் செய்யும் கலை என்று பலரும் எண்ணிவிடுகின்றனர். அது அத்துறையின் ஒரு பகுதியே. நாம் நாள்தோறும் எதை நம்புகிறோம், எதற்கு அஞ்சுகிறோம், கேட்டதைப் பிறரிடம் எவ்வாறு சொல்கிறோம் என்பனவற்றையும் அது ஆராய்கிறது. அப்பெரும் பொருளிலிருந்து, மலைச் சரிவிலும் அணையோரத்திலும் எல்லைச் சாவடிக்கு அருகிலும் வாழும் நமக்கு மிக நெருங்கிய ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். அதுவே வதந்தி.

1934ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் பீகாரில் பெரும் நிலநடுக்கம் நிகழ்ந்தது. அதன்பின் மக்களிடையே உலவிய பேச்சுகளை ஜமுனா பிரசாத் என்னும் நம் நாட்டு அறிஞர் தொகுத்து ஆராய்ந்து, 1935இல் வெளியிட்டார். நில அதிர்ச்சியை நன்கு உணர்ந்தும் பெருஞ்சேதத்தைக் கண்ணால் காணாத மக்களிடையே எழுந்த பேச்சுகள் அவை. கங்கையின் நீரே மறைந்துவிட்டது என்றனர் சிலர். சந்திர கிரகணத்தன்று மீண்டும் பூமி அதிரும் என்றனர் வேறு சிலர். வெள்ளம் பாய்ந்து வருகிறது என்றனர் மற்றும் சிலர்.

1950இல் டார்ஜிலிங் மலையில் நிலம் சரிந்தது. அங்கு எழுந்த பேச்சுகளைத் துர்க்கானந்த சின்ஹா என்பவர் ஆராய்ந்து 1952இல் எழுதினார். அழிவின் நடுவே இருந்து, இடிந்த வீடுகளை நேரில் கண்டவர்கள் அம்மக்கள். வியப்பு யாதெனில், இனி இதனினும் பெருங்கேடு வரும் என்னும் வதந்தி அவர்களிடையே பரவவில்லை.

அழிவைக் கண்டவர் வருங்கேட்டைப் பற்றிப் பேசவில்லை, காணாதவரே பேசினர். இஃது ஏன்? லியோன் ஃபெஸ்டிங்கர் என்னும் அமெரிக்க அறிஞர் 1957இல் வெளியிட்ட நூலில் இதற்கு விடை தந்தார். டார்ஜிலிங் மக்களின் அச்சத்திற்குக் காரணம் கண்முன்னே கிடந்தது. பீகார் மக்களுக்கோ நெஞ்சில் நடுக்கம் இருந்தது. அதற்குரிய காரணம் கண்ணுக்குத் தெரியவில்லை. காரணமற்ற அச்சத்தை மனம் நெடுநேரம் தாங்காது. ஆகவே அச்சத்திற்கு ஏற்ற காரணத்தைத் தானே தேடிக்கொள்கிறது. வதந்தியால் அச்சம் பிறக்கிறது என்று நாம் கூறுகிறோம். அச்சத்தாலும் வதந்தி பிறக்கிறது என்பதே இவ்வாராய்ச்சி காட்டும் உண்மை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் பாட்டிமார் சொன்னதும் இதனையே அன்றோ?

இனி நம் மலைக்கு வருவோம். 2011ஆம் ஆண்டின் இறுதியில் இடுக்கியில் சிறு நில அதிர்வுகள் உணரப்பட்டன. 1895இல் பயனுக்கு வந்த முல்லைப் பெரியாறு அணை பற்றிய அச்சம் அப்பொழுது ஊரெங்கும் எழுந்தது. குமுளி வழியே போக்குவரத்து நின்றது. எல்லையின் இருபுறத்தும் வன்செயல்கள் நிகழ்ந்தன. தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பல பிள்ளைகுட்டிகளுடன் தேனி மாவட்டத்திற்கு இறங்கிச் சென்றன. 2024 ஜூலை 30ஆம் நாள் வயநாட்டில் நிலம் சரிந்தபோது, அழிவு நேர்ந்தது அங்கே. ஆயினும் சில நாள்களுக்குள் முல்லைப் பெரியாறு பற்றிய அச்சப் பேச்சு சமூக ஊடகங்களில் மீண்டும் எழுந்தது. பிரசாத் 1934இல் கண்டதை நாமும் கண்டோம். அணையின் வலிமையை ஆராய்வது பொறியியலாரின் கடமை. வழக்கைத் தீர்ப்பது நீதிமன்றத்தின் கடமை. நம் உள்ளத்தை ஆராய்ந்து காப்பது நம் கடமையாகும்.

வதந்தி, கேட்பவர் நெஞ்சில் அச்சத்தை வளர்ப்பதோடு நில்லாது, அயலாரைப் பகைவராகவும் காட்டிவிடும். கார்டன் ஆல்போர்ட், லியோ போஸ்ட்மன் என்னும் இருவர் 1947இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றைக் கேளுங்கள். ஒருவருக்கு ஒரு படத்தைக் காட்டுவர். அவர் அதனைக் காணாத இன்னொருவரிடம் விவரிப்பார். அவர் அடுத்தவரிடம் சொல்வார். ஐந்தாறு வாய் மாறுவதற்குள் விவரங்களில் 100க்கு 70 அளவு உதிர்ந்துபோயிற்று. ஒரு படத்தில் வெள்ளையர் ஒருவர் கையில் சவரக் கத்தியுடன் கறுப்பின மனிதர் ஒருவரோடு வாதிட்டு நின்றார். பாதிக்கும் மேற்பட்ட சோதனைகளில், கதை வாய் மாறி வரும் வழியில் எங்கோ, அக்கத்தி கறுப்பின மனிதரின் கைக்கு மாறிவிட்டது! அதனை மாற்றியவர்கள் வேண்டுமென்று பொய் சொன்னவர்கள் அல்லர். யார் கையில் கத்தி இருக்கும் என்று முன்பே நினைத்திருந்தார்களோ, அவர் கையிலேயே அவர்கள் மனம் அதனைக் கொண்டுபோய் வைத்தது.

அன்பர்களே, எண்ணிப் பாருங்கள். ஒரே லயத்தில் வாழ்ந்து, ஒரே பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பி, ஓணத்திற்கும் பொங்கலுக்கும் பண்டம் மாற்றிக்கொள்ளும் இரு குடும்பங்கள். ஒன்றின் மொழி தமிழ். மற்றொன்றின் மொழி மலையாளம். வதந்தி வரும் நாளில் நம் கதையில் கத்தி அவர்கள் கைக்குப் போகிறது. அவர்கள் கதையில் அது நம் கைக்கு வருகிறது. ஒரே பேச்சு பலமுறை காதில் விழுந்தால் அது மெய்போலத் தோன்றும் என்பதையும் 1977இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் மூவர் சோதித்துக் காட்டினர். கைப்பேசியில் பத்துக் குழுக்களிலிருந்து பத்து முறை வரும் செய்தி பத்துச் சான்றுகள் ஆகாது. ஒரே பேச்சின் பத்து எதிரொலிகள் அவை.

தெரியாமையே மனத்தை மிகுதியாக வருத்துகிறது. 2016இல் லண்டனில் 45 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தினர். கணினித் திரையில் ஒவ்வொரு பாறையையும் புரட்டுமுன், அதனடியில் பாம்பு உண்டா இல்லையா என்று அவர்கள் ஊகிக்கவேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலி தரும் மின்னதிர்ச்சி. பாம்பு உறுதியாக உண்டு என்று அறிந்தபோது இருந்ததைவிட, உண்டோ இல்லையோ என்று சரிபாதி ஐயம் இருந்தபோதே அவர்களின் பதற்றம் மிகுந்திருந்தது. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்தது. தொலைத்தொடர்பு அற்றிருந்தமையால் செய்தி மறுநாள் காலையிலேயே வெளியுலகிற்குத் தெரிந்தது. அங்கே 70 பேரை இழந்தோம். அவர்களுள் நால்வரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. உறவினர் இருக்கின்றனரா, இல்லையா என்று அறியாமல் காத்திருந்தவர் பட்ட துயரை நம்மில் பலர் அறிவோம்.

ஆகவே நாம் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, செய்தியைத் தமிழில் தருதல். இங்கே அறிவிப்புகள் பெரும்பாலும் மலையாளத்தில் வருகின்றன. வதந்தியோ தமிழில் வந்துவிடுகிறது. இரு மொழியும் அறிந்த நம் இளைஞர்கள், மழைக்காலத்தில் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பு வந்தவுடன் அதனை மொழிபெயர்த்து வீடுதோறும் சேர்ப்பிக்க வேண்டும். மழைக்கு மஞ்சள் எச்சரிக்கை என்றால் விழிப்பாயிரு, ஆரஞ்சு என்றால் ஆயத்தமாகு, சிவப்பு என்றால் உடனே செயற்படு என்று பொருள். அணைக்குச் சிவப்பு எச்சரிக்கை என்றால், மதகு திறக்கும் நிலை நெருங்கிவிட்டது என்பது பொருள். அணை உடையப் போகிறது என்பது பொருளன்று. இதனை அறிந்த வீட்டில் எத்தனையோ இரவுகளின் உறக்கம் காக்கப்படும். அரசுக்குத் தமிழில் எழுதித் தமிழில் விடை பெறவும் கேரளச் சட்டம் இடந்தருகிறது. அவ்வுரிமையையும் நாம் பயன்படுத்துவோமாக.

இரண்டாவது, ஒரு கேள்வி. செய்தி கொண்டுவருபவரிடம், "இதனை நேரில் கண்டவர் யார்?" என்று கனிவாகக் கேளுங்கள். விடை இல்லையேல் அச்செய்தி உங்களோடு நிற்கட்டும்.

மூன்றாவது, அஞ்சியவரை எள்ளாமை. ஸ்டான்லி ஷாக்டர் என்பவர் 1959இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கடுமையான மின்னதிர்ச்சி வரும் என்று சொல்லப்பட்ட பெண்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் பிறரோடு சேர்ந்து காத்திருக்கவே விரும்பினர். மெல்லிய அதிர்ச்சி என்று கேட்டவருள் மூன்றில் ஒரு பங்கினரே அவ்வாறு விரும்பினர். அச்சம் துணையைத் தேடும். நள்ளிரவில் அச்சச் செய்தியை அனுப்பும் தாயும் ஒருவகையில் துணையைத்தான் தேடுகிறார் என்று கருதுகிறேன். "அறிவில்லையா?" என்று அவரைக் கடிந்தால் அச்சம் போகாது, நாளைக்கு நம்மிடம் சொல்லாமல் மற்றவரிடம் சொல்வார். "நான் விழித்திருக்கிறேன், நீங்கள் உறங்குங்கள் அம்மா" என்று சொல்லும் அண்டை வீட்டார் ஒருவர் இருத்தல் நலம். உறக்கமின்மையும் படபடப்பும் வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரை நாடத் தயங்காதீர்கள். 2022 அக்டோபர் முதல் நடைபெறும் டெலி மானஸ் என்னும் அரசுத் தொலைபேசி உதவிக்குக் கட்டணம் இல்லை, எண் 14416, தமிழிலும் பேசலாம்.

மழையை நம்மால் நிறுத்த இயலாது. மலையைக் கட்டிப்போடவும் இயலாது. எனினும் ஒரு பேச்சு நம் வாசலுக்கு வந்து நிற்கும்போது, அதை அடுத்த வாசலுக்கு அனுப்புவதா, இங்கேயே நிறுத்துவதா என்பது நம் கையில் உள்ளது. அடுத்த வாசலில் இருப்பவர் தமிழராயினும் மலையாளியாயினும், அன்றிரவு அவர் வீட்டுக் குழந்தை அச்சமின்றி உறங்க வேண்டும் என்று எண்ணுவோமாயின் அதுவே போதும்.