பெரிய சனிக்கிழமையின் மனிதன்

கதையில் வரும் ஒரு மனிதனைக் கிறிஸ்துவின் சாயலில் படைப்பது உலக இலக்கியத்தில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். அதற்கான அடையாளங்களும் நமக்குப் பழகியவைதாம். விரிந்த இரு கைகள், உள்ளங்கையில் காயம், தோளில் ஒரு மரம், காட்டிக்கொடுக்கும் நண்பன், அழுதபடி நிற்கும் பெண்கள். இவற்றில் இரண்டை ஒரு பாத்திரத்தின் மேல் ஏற்றிவிட்டால் போதும், பார்ப்பவர் மனத்தில் சிலுவை தானாக எழுந்துவிடும்.

2013இல் வந்த 'மேன் ஆஃப் ஸ்டீல்' படத்தில் சூப்பர்மேன் தான் பூமிக்கு வந்து 33 ஆண்டுகள் ஆயின என்கிறான். தேவாலயத்தில் பாதிரியாரோடு அவன் பேசும்போது, பின்னாலிருக்கும் வண்ணக் கண்ணாடியில் இயேசு கெத்சமனே தோட்டத்தில் ஜெபித்துக்கொண்டிருக்கிறார். பிறகு அவன் கைகளை விரித்து விண்வெளியில் மிதக்கிறான். இந்தப் பாத்திரத்தை 1938இல் உலகுக்குத் தந்த ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் இருவருமே யூதக் குடும்பத்து இளைஞர்கள். அழியப்போகும் உலகிலிருந்து சிறு கலத்தில் வைத்து அனுப்பப்பட்ட குழந்தை என்னும் அவர்களுடைய கதை, நாணல் கூடையில் வைத்து நைல் நதியில் விடப்பட்ட மோசேக்குத்தான் நெருக்கமானது. சிலுவை பின்னால் வந்து சேர்ந்தது. படம் பார்க்கச் சுவையாகவே இருக்கிறது. ஆனால் சிலுவை இருக்கும் இடத்தில் வலி இல்லை. கைகளை விரித்தவன் அடுத்த நொடி பறந்து போய்விடுகிறான்.

இதற்கு நேர் எதிர்த்திசையில் நிற்பவர் ஹெமிங்வேயின் கிழவர். 1952இல் வெளிவந்த 'கடலும் கிழவனும்' கதையில் சாந்தியாகோ என்ற கியூப மீனவரின் கைகளைத் தூண்டில் கயிறு அறுத்துவிடுகிறது. தான் பிடித்த மீனைத் தேடிச் சுறாக்கள் வருவதைப் பார்த்ததும் அவர் வாயிலிருந்து ஓர் ஒலி வெளிப்படுகிறது. கையைத் துளைத்துக்கொண்டு ஆணி மரத்தில் இறங்கும்போது ஒருவன் தன்னையறியாமல் எழுப்பும் ஒலி அது என்கிறார் ஆசிரியர். கரை சேர்ந்த பிறகு பாய்மரத்தைத் தோளில் சுமந்து மேடேறுகிறார், விழுகிறார். குடிசையில் குப்புறப் படுத்து, கைகளை நீட்டி, உள்ளங்கைகள் மேலே தெரியத் தூங்குகிறார். இவ்வளவையும் எழுதிவிட்டு, கதையில் குறியீடு எதுவும் கிடையாது என்று அதே ஆண்டு கலை விமர்சகர் பெர்னார்ட் பெரென்சனுக்கு எழுதிய கடிதத்தில் ஹெமிங்வே மறுத்தார். அந்த மறுப்பை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். முதலில் சாந்தியாகோ மீனவராக இருந்தாக வேண்டும். கயிறு கயிறாகவும், உப்புநீர் பட்டால் எரியும் கை கையாகவும் இருந்தாக வேண்டும். அந்த எரிச்சலை நாம் நம்பிய பிறகுதான் ஆணியை நம்ப முடியும்.

விக்டர் ஹ்யூகோவின் ஜீன் வால்ஜீனைத் தமிழர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சுத்தானந்த பாரதியார் அவன் நாயகனாக வரும் நாவலைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். 1950இல் 'ஏழை படும் பாடு' என்று படமானபோது, நாகையா அந்தப் பாத்திரமாகவே வாழ்ந்து காட்டினார். அதில் ஜாவர் என்ற காவல் அதிகாரியாக நடித்தவருக்கு ஜாவர் சீதாராமன் என்றே பெயர் நிலைத்துவிட்டது. வெள்ளிப் பாத்திரங்களைத் திருடியவனுக்கு வெள்ளி மெழுகுவர்த்தித் தண்டுகளையும் சேர்த்துக் கொடுத்தனுப்பும் ஆயரை யார் மறக்க முடியும்? காயம்பட்ட மாரியஸ் என்ற இளைஞனைத் தோளில் சுமந்துகொண்டு பாரிஸ் நகரச் சாக்கடைக்குள் வால்ஜீன் நடக்கும் பகுதிக்கு, இவனும் சிலுவை சுமக்கிறான் என்ற பொருளில்தான் ஹ்யூகோ தலைப்பு வைத்தார். மறைத்துச் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. அந்தச் சாக்கடையின் நாற்றமும் சேறும் அவ்வளவு உண்மையாக இருப்பதால், தலைப்பு உரக்க ஒலித்தாலும் நாம் அதைப் பொறுத்துக்கொள்கிறோம்.

இன்று நான் அதிக நேரம் பேச விரும்புவது இன்னொருவனைப் பற்றி. அவன் பெயர் மிஷ்கின். நம் திரைப்பட இயக்குநர் ஒருவர் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயர் என்பதால் உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். தஸ்தயேவ்ஸ்கி எழுதிய நாவலின் நாயகன் அவன். எம்.ஏ. சுசீலாவின் தமிழாக்கத்தில் அந்த நாவலின் பெயர் 'அசடன்'.

1868 ஜனவரியில் தன் சகோதரியின் மகளுக்கு எழுதிய கடிதத்தில் தஸ்தயேவ்ஸ்கி ஒரு பெரிய ஆசையைச் சொல்கிறார். முழுமையாக நல்லவனான, அழகிய மனம் படைத்த ஒரு மனிதனை எழுத வேண்டும் என்பது அந்த ஆசை. உலகிலேயே மிகக் கடினமான வேலை இதுதான் என்கிறார். அப்படி ஒருவர் உண்டென்றால் அவர் கிறிஸ்து மட்டுமே என்கிறார். தமக்கு முன்னே இதை முயன்றவர்கள் என்று தோன் கிஹோத்தே, பிக்விக், ஜீன் வால்ஜீன் ஆகிய பாத்திரங்களைப் படைத்தவர்களை நினைத்துக்கொள்கிறார். நாவலுக்கான குறிப்பேட்டில் மிஷ்கினை இளவரசன் கிறிஸ்து என்றே குறித்து வைத்திருக்கிறார்.

அந்த ஆசைக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை இருந்தது. 1849 டிசம்பரில் பீட்டர்ஸ்பர்க்கின் ஒரு சதுக்கத்தில், அரசுக்கு எதிரான குழுவோடு சேர்ந்த குற்றத்துக்காகச் சுடப்படுவதற்குக் காத்து நின்றவர் அவர். முத்தமிடச் சிலுவை கொடுத்தார்கள். முதல் மூவரைக் கம்பத்தில் கட்டியும் விட்டார்கள். கடைசி நேரத்தில் தண்டனை மாற்றப்பட்டது. சைபீரியச் சிறைக்குப் போகும் வழியில், தொபோல்ஸ்க் நகரில், முன்பு நாடுகடத்தப்பட்ட புரட்சியாளர்களின் மனைவியர் அவர் கையில் ஒரு புதிய ஏற்பாட்டைக் கொடுத்தார்கள். நான்கு ஆண்டுச் சிறைவாசத்தில் அவர் அதைப் பிரியவே இல்லை. 1881இல் சாகும் நாளிலும் அதைத்தான் பிரித்து வாசிக்கச் சொன்னார். ஆகையால் சிலுவை அவருக்கு ஏட்டில் படித்த அடையாளம் இல்லை. சாவுக்கு முந்தைய நிமிடத்தில் உதட்டில் பட்ட பொருள். மிஷ்கின் ஒரு வீட்டுக்குப் போய், ஓவியம் வரையும் பெண்ணிடம், தலை வெட்டப்படப் போகிறவனின் முகத்தையும் அவன் முன்னே நீட்டப்படும் சிலுவையையும் வரையச் சொல்கிறான் அல்லவா, அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது.

மிஷ்கினுக்கு வயது இருபத்தாறு அல்லது இருபத்தேழு. வலிப்பு நோயாளி. சுவிட்சர்லாந்தில் சிகிச்சை பெற்றுக் கையில் ஒரு சிறு மூட்டையோடு பீட்டர்ஸ்பர்க் ரயிலில் வந்து இறங்குகிறான். சுவிஸ் கிராமத்தில் வாழ்ந்த மாரி என்ற பெண்ணின் கதையை அவன் சொல்வதைக் கேளுங்கள். யாரோ ஒருவன் ஏமாற்றிக் கைவிட்ட ஏழைப் பெண் அவள், காச நோயாளி. பெற்ற தாயே அவளை வெறுக்கிறாள். அந்தத் தாயின் சடலத்தருகே வைத்தே போதகர் அவளைச் சபைமுன் அவமானப்படுத்துகிறார். சிறுவர்கள் அவள்மேல் மண்ணை வாரி எறிகிறார்கள். மிஷ்கின் தன் வைர ஊசியை எட்டு பிராங்குக்கு விற்று அந்தப் பணத்தை அவளிடம் கொடுக்கிறான். மெல்ல மெல்லச் சிறுவர்களின் மனம் மாறுகிறது. அவள் இறக்கும்போது அவர்கள் அவளைச் சூழ்ந்து நிற்கிறார்கள். கல்லெறியத் துணிந்த கூட்டமும் பாவி என்று தள்ளப்பட்ட பெண்ணும் குழந்தைகளும் நாம் சுவிசேஷத்தில் பார்த்தவர்கள்தாம். ஆனாலும் இங்கே எட்டு பிராங்கு இருக்கிறது, இருமல் இருக்கிறது.

சுவிஸ் கிராமத்தில் முடிந்த காரியம் பீட்டர்ஸ்பர்க்கில் முடியவில்லை. இங்குதான் தஸ்தயேவ்ஸ்கியின் துணிவு எனக்குத் தெரிகிறது. கிறிஸ்துவின் சாயல் கொண்டவனிடம் கிறிஸ்துவின் வல்லமை கிடையாது. அவனால் நோயைத் தீர்க்க முடியாது, இறந்தவரை எழுப்ப முடியாது. நஸ்தாஸ்யா பிலிப்போவ்னா என்ற பெண்ணின் மேல் அவனுக்கு எல்லையற்ற இரக்கம், அக்லேயா என்ற இன்னொரு பெண்ணின் மேல் காதல். இரண்டுக்கும் நடுவில் நின்று இருவரையும் காயப்படுத்துகிறான். அவன் இரக்கமே சிலருக்கு விஷமாகிறது. இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார் ஆசிரியர்.

இந்த நாவலுக்குள் கிறிஸ்துவின் படங்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று, ஹான்ஸ் ஹோல்பைன் 1521, 22 ஆண்டுகளில் வரைந்த 'கல்லறையில் இறந்த கிறிஸ்து'. உயரம் ஓரடிதான், நீளம் ஆறரை அடி. அந்த ஒடுக்கமான பெட்டிக்குள் ஓர் உடல் தனியாகக் கிடக்கிறது. ஒளிவட்டம் இல்லை, தாய் இல்லை, வானதூதர் இல்லை. வாயும் கண்ணும் திறந்திருக்கின்றன, முகமும் கைகாலும் நிறம் மாறத் தொடங்கிவிட்டன. 1867 ஆகஸ்டில் பாஸல் நகரில் தஸ்தயேவ்ஸ்கி இதைப் பார்த்தார். அவர் அசையாமல் நின்ற நிலையைப் பார்த்து, வலிப்பு வந்துவிடுமோ என்று பயந்து தாம் அவரை விலக்கி அழைத்துப்போனதாக மனைவி அன்னா எழுதி வைத்திருக்கிறார். நாவலில் இதன் பிரதி, நஸ்தாஸ்யாவை வெறியோடு விரும்பும் ரோகோஷின் வீட்டில் தொங்குகிறது. இதைப் பார்த்தால் ஒருவனுடைய விசுவாசமே போய்விடும் என்று மிஷ்கின் பதறுகிறான். அதே வீட்டில்தான் இருவரும் சிலுவை மாற்றிக்கொண்டு சகோதரராகிறார்கள். ஒரு குடிகாரச் சிப்பாயிடம் இருபது கோபெக்குக்கு வாங்கிய தகரச் சிலுவை ரோகோஷின் கழுத்துக்குப் போகிறது, அவனுடைய தங்கச் சிலுவை மிஷ்கினுக்கு வருகிறது. அன்று மாலையே ரோகோஷின் கத்தியோடு மாடிப்படியில் மறைந்து நிற்கிறான். மிஷ்கினுக்கு வலிப்பு வந்து விழுந்ததால் உயிர் தப்புகிறது.

இரண்டாவது படத்தை யாரும் வரையவில்லை. நஸ்தாஸ்யா பிலிப்போவ்னா ஒரு கடிதத்தில் கற்பனை செய்வது அது. தான் ஓவியராக இருந்தால் கிறிஸ்துவைத் தனியாக, ஒரே ஒரு குழந்தையோடு வரைவேன் என்கிறாள். குழந்தையின் தலையில் அவர் கை மறதியாகத் தங்கியிருக்கிறது, அவர் தொலைவைப் பார்க்கிறார், சூரியன் மறைகிறது.

இந்த இரு படங்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு நாவலின் கடைசி இரவுக்கு வாருங்கள். ரோகோஷின் நஸ்தாஸ்யாவைக் கொன்றுவிட்டான். ஹோல்பைன் தொங்கும் அதே வீட்டில் அவள் உடல் கிடக்கிறது. கொலைகாரன் பக்கத்தில் மிஷ்கின் படுத்திருக்கிறான். ரோகோஷின் பிதற்றும்போதெல்லாம் நடுங்கும் கையை நீட்டி அவன் தலையையும் கன்னத்தையும் தடவிக்கொடுக்கிறான். விடியும்போது மிஷ்கினின் புத்தி பேதலித்துவிட்டது. ஆனால் கை நிற்கவில்லை. கொல்லப்பட்டவள் கற்பனை செய்த படத்தைக் கொன்றவன் தலையின்மேல் வைத்து முடிக்கிறார் தஸ்தயேவ்ஸ்கி. கிறிஸ்தவ உருவகம் என்பதற்கு இதைவிட உயர்ந்த உதாரணத்தை நான் வாசித்ததில்லை. இங்கே சிலுவைக்கோ முள்முடிக்கோ இடமில்லை. தலையின்மேல் ஒரு கை மட்டும் இருக்கிறது.

மிஷ்கினால் யாரையும் காப்பாற்ற முடியவில்லை, அதனால் தஸ்தயேவ்ஸ்கியின் முயற்சியே தோற்றது என்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. பெரிய வெள்ளிக்கும் உயிர்ப்பு ஞாயிறுக்கும் நடுவே ஒரு சனிக்கிழமை இருக்கிறது. சீடர்களுக்கு அது எல்லாம் முடிந்துபோன நாள். ஹோல்பைன் வரைந்தது அந்த நாளை. மிஷ்கின் அந்த நாளைச் சேர்ந்தவன். நாவல் தொடராக வந்துகொண்டிருந்த 1868 மே மாதத்தில், மூன்று மாதம்கூட நிரம்பாத முதல் குழந்தை சோன்யாவை ஜெனீவாவில் அடக்கம் செய்தவர் தஸ்தயேவ்ஸ்கி. அந்த ஆண்டில் ஞாயிற்றுக்கிழமையை அவரால் எப்படி எழுதியிருக்க முடியும்?

இந்த நாவலின் ஒரு சிறு துணுக்கிலிருந்து பிரெஞ்சு இயக்குநர் ரொபேர் பிரெஸ்ஸோன் ஒரு முழுப் படமே எடுத்தார். நாவலில், நோயின் இருளில் கிடந்த மிஷ்கினைப் பாஸல் சந்தையில் கழுதையின் குரல் எழுப்பி விடுகிறது. 1966இல் வந்த அந்தப் படத்தின் நாயகன் பல்தஸார் என்ற கழுதை. குழந்தைகள் அதற்கு விளையாட்டாக ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள். பிறகு கை மாறிக் கை மாறி, சுமந்து, அடிபட்டு, கடைசியில் கள்ளக் கடத்தல்காரர்களின் சுமையோடு குண்டடி பட்டு மலைச்சரிவில் ஆட்டு மந்தைக்கு நடுவே சாகிறது. பேச்சில்லாத மிருகத்தின் மேல் ஒரு சமயத்தின் துயரம் முழுவதும் ஏறி நிற்கிறது. கழுதையோ கடைசிவரை கழுதையாகவே இருக்கிறது. பிரெஸ்ஸோன் அதன் கண்ணில் எதையும் நடிக்க வைக்கவில்லை.

மீண்டும் தஸ்தயேவ்ஸ்கிக்கு வருவோம். பத்தாண்டு கழித்து, 1878 மே மாதத்தில், மூன்று வயது நிரம்பாத அவருடைய மகன் அல்யோஷா வலிப்பில் இறந்தான். அடுத்த நாவலான 'கரமசோவ் சகோதரர்கள்' கதையின் நாயகனுக்கு அவர் அந்தப் பெயரையே வைத்தார். இந்த அல்யோஷா நோயாளி இல்லை. சிவந்த கன்னங்களோடு, திடகாத்திரமான இளைஞன் என்று அழுத்திச் சொல்கிறார். அவனுடைய குரு அவனை மடத்தில் இருக்க விடாமல் உலகத்துக்குள் போகச் சொல்கிறார். கடைசி அத்தியாயத்தில் இல்யூஷா என்ற சிறுவனை அடக்கம் செய்துவிட்டு, ஏறக்குறைய பன்னிரண்டு சிறுவர்கள் அல்யோஷாவைச் சுற்றி நிற்கிறார்கள். அந்த எண்ணிக்கையை யாரும் உரக்கச் சொல்லவில்லை. நாம் எல்லோரும் மரித்தோரிலிருந்து எழுந்து மறுபடி ஒருவரையொருவர் பார்ப்போமா, இல்யூஷாவையும் பார்ப்போமா என்று ஒரு சிறுவன் கேட்கிறான். கட்டாயம் எழுவோம், நடந்ததையெல்லாம் மகிழ்ச்சியோடு பேசிக்கொள்வோம் என்று, பாதி சிரிப்பும் பாதி பரவசமுமாக அல்யோஷா பதில் சொல்கிறான். பிறகு எல்லோரையும் சாவு வீட்டு விருந்துக்கு அப்பம் சாப்பிடக் கூப்பிடுகிறான். பையன்கள் கைகோத்துக்கொண்டு, கரமசோவ் வாழ்க என்று கூச்சலிட்டபடி அவனோடு போகிறார்கள்.