நீண்ட சொல்லுக்கு அஞ்சாமை



ஆங்கில மொழியிலுள்ள ஐந்து உயிரெழுத்துக்களும் ஒவ்வொரு முறை மட்டுமே வருகின்ற சொல் ஒன்றைக் கூறுக என்று மாணாக்கரிடம் கேட்டால், அவர்கள் முதலில் செய்வது அகராதியைத் திறப்பதுதான். முதற் பக்கத்திலிருந்து தேடத் தொடங்குவார்கள். பத்துப் பக்கம் கடக்குமுன் களைத்துவிடுவார்கள். அகராதியின் மேல் குற்றமில்லை. முதலெழுத்தை அறிந்தவருக்கே அது வழிகாட்டும். சொல்லின் நடுவிலோ இறுதியிலோ உள்ள எழுத்தைக் கொண்டு தேடுபவருக்கு வேறொரு வழி வேண்டும். அந்த வழி நம் பிள்ளைகளுக்கு முன்னமே கற்பிக்கப்பட்டிருக்கின்றது என்பதே இன்று நான் கூற வந்த செய்தி.

கேட்ட வினாவையே எடுத்துக்கொள்வோம். 'ஏஷன்' என்று முடியும் ஆங்கிலச் சொற்கள் மிகப் பல. அந்த இறுதியிலேயே ஏ, ஐ, ஓ என்னும் மூன்று உயிர்கள் அடங்கிவிடுகின்றன. எஞ்சியவை ஈ, யூ என்னும் இரண்டே. அவ்விரண்டும் முற்பகுதியில் வரும் சொற்களை நினைத்துப் பாருங்கள். கல்வியைக் குறிக்கும் 'எடுகேஷன்' வந்துவிடும். கணக்குப் பாடத்தில் சமன்பாட்டைக் குறிக்கும் 'இக்குவேஷன்' வரும். ஒழுங்குவிதியாகிய 'ரெகுலேஷன்', நற்பெயராகிய 'ரெபியுடேஷன்' ஆகியவையும் பின்னே வரும். பக்கம் பக்கமாகத் தேடிக் கிடையாதவை, இறுதியைப் பிரித்து நோக்கியதும் கூட்டமாக வருகின்றன. கரைவலை இழுப்பவர் ஒவ்வொரு மீனாகத் தேடிச் செல்வதில்லையே!

இவ்வாறு தேடுதல் நம்மவர்க்குப் புதியதன்று. 1594ஆம் ஆண்டிலே புலியூர்ச் சிதம்பர இரேவண சித்தர், சொற்களை முதலெழுத்து வரிசையில் அடுக்கி அகராதி நிகண்டு செய்தார். ஆயினும் செய்யுள் இயற்றுவோர்க்கு முதலெழுத்து மட்டும் போதாது; எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒத்த சொற்கள் தேவை. ஆகவேதான் மண்டலபுருடர் தம் சூடாமணி நிகண்டின் பதினோராந் தொகுதியிலே, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறுமிடத்து, சொற்களை எதுகை வரிசையில் நிறுத்தினார். இத்தாலியிலிருந்து வந்து தமிழ்த் தொண்டு புரிந்த வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியை அமைத்தபோது, பெயர், பொருள், தொகை என்னும் மூன்றோடு தொடை என்னும் நான்காம் பகுதியையும் சேர்த்து எதுகைச் சொற்களைத் திரட்டித் தந்தார். ஆங்கிலத்தில் யோன் வோக்கர் என்பவர் 1775இல் வெளியிட்ட அகராதியோ சொற்களை இறுதி எழுத்திலிருந்து பின்னோக்கி அடுக்கியது. வேண்டிய எழுத்து எங்கே நிற்கின்றதோ அங்கிருந்து தேட வேண்டும் என்னும் உண்மையை இந்நூல்கள் யாவும் உணர்த்துகின்றன.

இனி, சொல்லைப் பிரிக்கும் முறைக்கு வருவோம். நன்னூல் கற்கும் மாணாக்கன் பகுபத உறுப்பிலக்கணம் படிக்கின்றான். 'நடந்தனன்' என்னும் சொல்லிலே நட என்பது பகுதி, முன் நிற்கும் தகரம் சந்தி, அது நகரமாயது விகாரம், அடுத்த தகரம் இடைநிலை, அன் சாரியை, ஈற்றிலுள்ள அன் விகுதி என்று பிழையின்றி ஒப்புவிக்கின்றான். அதே மாணாக்கன் பத்தெழுத்துக்கு மேற்பட்ட ஆங்கிலச் சொல்லைக் கண்டதும் வாசிப்பதை நிறுத்திவிடுகின்றான். ஒரு கையிலே திறவுகோலை வைத்துக்கொண்டு, மறு கையால் பூட்டை உடைக்க முயல்வது போன்ற நிலை இது.

தொழிலுக்கு விண்ணப்பிக்கும் படிவமொன்றைப் பாருங்கள். விண்ணப்பத்தைக் குறிக்கும் 'அப்ளிகேஷன்' பதினோரெழுத்து. பதிவைக் குறிக்கும் 'ரெஜிஸ்ட்ரேஷன்' பன்னிரண்டு. தகைமையைக் குறிக்கும் 'குவாலிஃபிகேஷன்' பதின்மூன்று. மூன்றுக்கும் விகுதி ஒன்றே. பகுதிகளோ அப்ளை, ரெஜிஸ்டர், குவாலிஃபை என்னும் சிறு சொற்கள். விகுதி வந்து சேருமிடத்து எழுத்தளவில் நிகழ்வதும் நாம் அறிந்ததே. அப்ளையின் ஈற்றில் நிற்கும் 'வை' என்னும் எழுத்து 'ஐ' எனத் திரிகின்றது. புதிதாக 'சி' தோன்றுகின்றது. ரெஜிஸ்டரின் கடைசி 'ஈ' கெடுகின்றது. தோன்றல், திரிதல், கெடுதல் என்று நன்னூலார் வகுத்த மூன்று விகாரங்களும் இங்கே இருக்கின்றன. மொழி வேறு, இலக்கணப் பெயரும் வேறு. ஆயினும் பார்க்கும் பார்வை ஒன்றே.

எத்துணை நீண்ட சொல்லும் இப்பார்வைக்கு முன் குறுகிவிடும். பதிப்புரிமை பெற இயலாதது என்னும் பொருளில் 'அன்கொப்பிரைட்டபிள்' என்றொரு சொல் உண்டு. பதினைந்து எழுத்துக்கள், ஓரெழுத்தேனும் இரண்டாம் முறை வாராது. பிரித்தால் அன், கொப்பி, ரைட், ஏபிள் என நான்கு எளிய துண்டுகள். இதற்கு மாறாக, எரிமலைத் தூசியால் வரும் நுரையீரல் நோயின் பெயரென்று நாற்பத்தைந்து எழுத்துச் சொல்லொன்றை 1935இல் அமெரிக்கப் புதிர்க் கழகத்தார் உருவாக்கினர். அது நீளத்துக்காகவே செய்யப்பட்ட சொல். அதனை மனனம் செய்வதால் பயன் சிறிது. நீளம் பெருமையன்று, அமைப்பை அறிதலே கல்வி.

எழுத்துக்களின் நட்பையும் அறிதல் வேண்டும். ஆங்கிலத்தில் 'கியூ' என்னும் எழுத்து 'யூ'வின் துணையின்றி வருதல் அரிது. ஆனால் நம் கரையோரத்திலிருந்து பலர் தொழில் தேடிச் செல்லும் கட்டார் நாட்டின் பெயரையும், ஈராக்கின் பெயரையும் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். அங்கே 'கியூ' தனித்து நிற்கும். காரணம் யாது? அடித்தொண்டையில் ஒலிக்கும் காஃப் என்னும் அரபு எழுத்துக்கு ஈடாக அது வந்துள்ளது. குர்ஆன் ஓதக் கற்ற முந்தற் பிள்ளைக்கு இக்காரணத்தைச் சொன்னால் உடனே விளங்கும்.

எந்த எழுத்து மிகுதி, எந்த எழுத்து அருமை என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 1930களில் வேலையிழந்திருந்த அல்பிரட் பட்ஸ் என்னும் அமெரிக்கக் கட்டடக் கலைஞர், செய்தித்தாளின் எழுத்துக்களை எண்ணிப் பார்த்து ஒரு சொல் விளையாட்டை அமைத்தார். அதுவே பின்னர் 'ஸ்கிராபிள்' ஆயிற்று. அதன் நூறு கட்டைகளில் 'ஈ' பன்னிரண்டு. 'கியூ' ஒன்றே ஒன்று. 'ஈ'க்கு ஒரு புள்ளி. 'கியூ'வுக்குப் பத்துப் புள்ளி.

மற்றொரு புதிரும் கூறுகின்றேன். ஒன்பதெழுத்து ஆங்கிலச் சொல். அதில் நான்கு உயிர்கள். நான்கும் 'ஏ' என்னும் எழுத்தே. அது யாது? 'கட்டமரான்'. நம் கட்டுமரமே அது! பன்னிரண்டெழுத்து 'மல்லிகட்டோனி' நம் மிளகுத் தண்ணீர். ஆங்கில அகராதியிலே நம் வீட்டுப் பொருள்களும் இருக்கின்றன என்று அறிந்த பிள்ளைக்கு அம்மொழி அந்நியமாகத் தோன்றாது.

வேண்டிய எழுத்துக்களைத் தட்டினால் கைத்தொலைபேசி ஒரு நொடியில் சொற்களை அடுக்கித் தருகின்றதே, நாம் ஏன் தேட வேண்டும் என்று சிலர் வினவலாம். கருவி சொல்லைத் தரும். சொல் எவ்வாறு ஆயிற்று என்னும் அறிவைத் தேடியவனே பெறுவான். அவ்வறிவு பரீட்சை மண்டபத்துள்ளும் அவனோடு செல்லும்.

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் நம் நாட்டிலே ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது. ஆங்கிலப் பத்திரிகை வந்து சேராத இல்லங்கள் நிறைந்த களப்போர ஊர்ப் பிள்ளைக்கும், தலைநகரப் பிள்ளைக்கும் ஒரே வினாத்தாள்தான் கொடுக்கப்படுகின்றது. தூரத்தை நாம் ஒரு நாளில் குறைத்துவிட முடியாது. அச்சத்தைக் குறைக்க முடியும். ஆசிரியர்களும் பெற்றோரும் நாளொன்றுக்கு ஒரு நீண்ட சொல்லைப் பிள்ளையின் முன் வைத்து, இதன் பகுதி எது, விகுதி எது என்று கேளுங்கள். ஆங்கிலம் அறியாத தாயும் இவ்வினாவைக் கேட்கலாம்; ஏனெனில், வினா தமிழிலக்கணத்தின் வினா.