உணவில் உள்ள நுண்தாதுக்கள்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் மேடையில் உணவைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். பசித்த வயிற்றில் கல்வி தங்காது என்பதை உணர்ந்தே 1920ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் நண்பகல் உணவு வழங்க முடிவு செய்தது. ஆயினும், வயிறு நிறைந்த பின்னும் உடல் பட்டினி கிடப்பதுண்டு. அதனைக் குறித்தே சில சொற்கள் கூற விழைகிறேன்.

இரும்பு, அயோடின், துத்தநாகம் ஆகிய தாதுக்கள் நமக்கு மிகச் சிறிய அளவிலேயே வேண்டும். ஓர் ஆளின் உடலிலுள்ள இரும்பு முழுவதையும் திரட்டினால் 3 அல்லது 4 கிராமே தேறும். அவ்விரும்பே இரத்தத்தில் இருந்து பிராணவாயுவை மூளைக்குச் சுமந்து செல்ல உதவுகிறது. அது குறைந்தால் சோர்வு மிகும். படித்தது மனத்தில் நில்லாது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள மகளிரில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உண்டு. மந்தமானவள் என்று வகுப்பில் ஒதுக்கப்படும் சிறுமிக்கும் இக்குறை இருக்கலாம் அல்லவா?

கேழ்வரகுக் கூழை ஏழையின் உணவென்று கருதி நாம் நாணியதுண்டு. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 4 மில்லிகிராம் இரும்பு உள்ளது. தீட்டிய அரிசியில் 1 மில்லிகிராம்கூட இல்லை. மாவை இரவே கரைத்துப் புளிக்கவைக்கும் நம் பாட்டிமாரின் வழக்கம், இரும்பை உடலில் சேரவிடாத பைட்டேட் என்னும் பொருளைக் குறைக்கிறது. ஈரல், சுவரொட்டி, இரத்தப் பொரியல் ஆகியவற்றிலுள்ள இரும்பு இன்னும் எளிதில் சேரும். இவற்றை இழிந்த உணவென்று பிறர் பழித்தனர்; அறிவியலோ இவற்றை உயர்வாகவே மதிக்கிறது.

நங்கநல்லூரிலிருந்து வேலைக்குச் செல்வோர் பலர், சிற்றுண்டி முடித்த கையோடு பழவந்தாங்கல் இரயிலடியில் தேநீர் அருந்துகின்றனர். தேயிலையின் துவர்ப்புப் பொருள், தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்பைப் பிணைத்துவிடும். காப்பியும் அத்தகையதே. ஆகவே, உண்டபின் ஒரு மணி நேரம் கழித்து அருந்துங்கள். உணவுடன் நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்த்தால் இரும்பு மிகுதியாகச் சேரும்.

இரத்தசோகை முற்றியோர்க்கு உணவு மட்டும் போதாது. இரத்தப் பரிசோதனையும் மருத்துவர் தரும் மாத்திரையும் வேண்டும். இளைஞர்களே, உங்கள் தங்கையரை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். பிள்ளைகளின் புத்தகத்தைக் கவனிக்கும் நாம், அவர்தம் உண்கலத்தையும் கவனிப்போமாக.