சட்டம் யார் பக்கம்?



அமெரிக்காவின் ஏகபோகத் தடைச் சட்டம் 1890 இல் பிறந்தது. 1938 இல் அதனை நடத்தும் அரசாங்கப் பிரிவின் தலைவரானார் சட்டத்தரணி தேர்மன் ஆர்னல்ட். சிக்காகோவில் பால் விலையைக் கூடிக் கட்டினரென வியாபாரிகள்மீது மட்டுமன்றி, உற்பத்தியாளர் சங்கத்தின்மீதும் அவ்வாண்டே குற்றஞ்சாட்டினார். கூட்டுறவு வைத்தியத்தைத் தடுத்த அமெரிக்க வைத்தியர் சங்கத்தையும் அவர் விட்டாரில்லை. 1943 இல் உயர்நீதிமன்றம் அதன் குற்றத்தை உறுதிசெய்தது.

பின்னர் தனித்தொழிலில், பெயர் மறைத்தோரின் சொல்லை நம்பி அரசாங்கம் விலக்கிய உத்தியோகத்தர் டொரதி பெய்லிக்காக அவரது நிறுவனம் வாதாடியது. 1951 இல் நீதியரசர்கள் சரிபாதியாய்ப் பிரிந்தமையால் வழக்குத் தோற்றது.

அன்று அரசாங்கத்துக்காக, பின்னர் அரசாங்கத்துக்கெதிராக நின்ற அவரைக் கட்சி மாறினார் என்போமா? கேள்வியற்ற பலத்தைக் கேள்வி கேட்பதே அவர் கட்சி. நாம் வேண்டுவதும் அதுவே: அரசாங்கமாயினும், நமது சங்கமேயாயினும், சட்டத்தின்முன் பதில் சொல்லட்டும்!