இளமையில் கேட்ட பாட்டு

ஊரைவிட்டுப் புறப்பட்டபோது நாம் எதை எதையோ மூட்டை கட்டினோம். கட்டாமலே உடன் வந்தவை பாட்டுகள். பெங்களூருக்குத் தெற்கே, ஓசூர்ச் சாலையில் உள்ள பொம்மனஹள்ளியில் அப்படிப் பாட்டோடு வந்து சேர்ந்த குடும்பங்கள் பல. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கங்களிலிருந்து கட்டட வேலைக்கும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் வந்தவர்கள். தனி நகரசபையாக இருந்த அவ்வூர் 2007-இல் பெங்களூர் மாநகராட்சியோடு இணைந்தது.

நம்மில் எழுபதை எட்டியவர்களுக்கு இளமைப் பாட்டு என்றால் முதலில் நினைவுக்கு வருவது சினிமாப் பாட்டுத்தான். அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. 1952-இல் ஒலிபரப்பு மந்திரியான பி. வி. கேஸ்கர், சாஸ்திரீய சங்கீதம் தழைக்க வேண்டும் என்று கருதி, திரைப்பாடல்களை அகில இந்திய வானொலியிலிருந்து ஏறக்குறைய விலக்கியே வைத்தார். மக்களோ முள்ளை இலங்கை வானொலியின் பக்கம் திருப்பிவிட்டார்கள்! 1957 அக்டோபர் 3-இல் விவித பாரதி பிறந்தது அதன் பின்னர்தான். இதை நம் நாட்டு வானொலியிலேயே சொல்வதில் சிறிது வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது.

தெருவுக்கு ஒரு வானொலிப் பெட்டி இருந்தால் பெரிது. மற்றபடி கல்யாண வீட்டு ஒலிபெருக்கி, தேநீர்க்கடை, டூரிங் கொட்டகை, சில காசுக்கு விற்ற பாட்டுப் புத்தகம். பள்ளிப் பாடத்தை மறந்தவர்களும் ‘பாவமன்னிப்பு’க்குக் (1961) கண்ணதாசன் எழுதியதையும், ‘படகோட்டி’க்கு (1964) வாலி எழுதியதையும் மறக்கவில்லை.

பெங்களூரில் இன்னொரு விசேஷம் உண்டு. ‘சுமைதாங்கி’யில் (1962) ஜெமினி கணேசனுக்குப் பாடிய பி. பி. ஸ்ரீநிவாஸ், கன்னடத்தில் ராஜ்குமாருக்குக் குரலாக விளங்கினார். அந்நாளில் கன்னடப் படப் பாட்டுகளும் பெரும்பாலும் சென்னையிலேயே பதிவாயின. அடுத்த வீட்டார் அதை ராஜ்குமார் குரல் என்பார்கள். நாம் ஜெமினி குரல் என்போம். இருவர் சொல்வதும் மெய். ஒரு குரலை இரு மொழியாரும் பங்கிட்டுக்கொண்ட இதே நகரத்தில்தான், 1991 டிசம்பரில், காவிரிப் பிணக்கால் கலவரம் மூண்டது. தமிழ்ப் பாட்டு வாசலைத் தாண்டாதபடி ஒலியைத் தணித்து வைத்த நாட்கள் அவை.

திரைப்பாட்டு அழிந்துவிடாது. படத்தின் பெயரைச் சொன்னால் பேரன் மறுகணமே கைபேசியில் ஒலிக்கவிடுகிறான். நம் கவலையெல்லாம் வேறு பாட்டைப் பற்றியது. தாலாட்டில் தாய்மாமனின் பெருமை வரும். ஒவ்வொரு தாயும் தன் உடன்பிறந்தார் பெயரையும் ஊரையும் அதில் வைத்துப் பாடுவாள். ஆகவே அது அடுத்த வீட்டில் கிடையாது. எந்த இசைத்தட்டிலும் கிடையாது. நடவுப் பாட்டோ, நாற்றும் சேறும் இல்லாத இடத்தில் வாய்க்கு வர மறுக்கிறது. தையல் எந்திரத்தின் முன் அமர்ந்தவள் அதை எப்படிப் பாடுவாள்? பெர்சி மக்வீன் என்ற ஆங்கிலேய அதிகாரி திரட்டிய நாட்டுப் பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் ‘மலையருவி’ என்று 1958-இல் பதிப்பித்தார். கடல் கடந்து வந்த ஒருவருக்கு அந்தப் பொறுமை இருந்தது. நாமோ சமையலறையில் இருக்கும் பாட்டியிடம் கேட்பதில்லை.

வெளிமாநிலத்தில் பிறந்த பேத்திக்குத் தமிழ் எழுத்துத் தெரியாதிருக்கலாம். அவள் கன்னட எழுத்திலேயே எழுதிக்கொள்ளட்டும். ஆனால் பழங்கன்னடத்தில் இருந்த ழகரம் இன்றைய கன்னட எழுத்தில் வழங்குவதில்லை. மலையாளம் தவிர மற்ற அண்டை மொழிகளிலும் இதே இடர்ப்பாடுதான். எனவே எழுதுவதோடு குரலையும் பதிவு செய்வது அவசியம். கைபேசியை அருகில் வைத்துவிட்டு, முதலில் மாமன்மார் யார், எந்த ஊர் என்று விசாரியுங்கள். பேச்சிலிருந்து பாட்டுத் தானே கிளம்பும். மதிய உணவுக்குப் பிந்திய நேரம் நல்லது. மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள்; அதன் இரைச்சலில் தாழ்ந்த குரல் கேளாமற் போகும்.